டிரைவரை வெட்டிய கதை

"டிரைவரை ஒன்றரை இஞ்ச் வெட்டப் போகிறேன்" என்று போனில் சொன்னதைக் கேட்டு அம்மா பதறிவிட்டார். கார் டிரைவர் இல்லம்மா, கோல்ஃப் மட்டை.

கொடைக்கானலில் நான் அடித்ததில் பாதி மரங்களுக்குள்தான் போனது. மட்டையின் முகத்தில் பவுடர் பூசி அடித்துப் பார்த்தால் தடமெல்லாம் ஓரத்தில். 45.5 இஞ்ச் நீளம் எனக்கு அதிகம், அவ்வளவுதான்.

செல்லூரில் பழக்கமான சைக்கிள் கடை அண்ணன் தண்டை அப்படியே வைஸில் இறுக்கப் போனார், கிராஃபைட் நசுங்கிவிடும் அண்ணே என்று தடுத்து, பழைய டியூபைச் சுற்றிப் பிடித்தோம். வெட்ட வேண்டியது கைப்பிடி முனையில். கீழ்முனையில் வெட்டினால் தண்டு விறைத்துப்போகும். டேப் சுற்றி, பொடிப்பல் ஹேக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்தோம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏனென்றால் அந்தக் கருப்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம்தான் சிக்கல். அரை இஞ்ச் குறைந்தாலே ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது மட்டையின் தலை கையில் கனக்கும் அளவு, சுமார் 3 புள்ளி இறங்கும், எனக்கு 9. கையில் எடுத்தால் விளக்குமாறு மாதிரி இருந்தது! மட்டையின் தலையில் 2 கிராம் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு புள்ளி திரும்பும் என்பது கணக்கு. நான் 10 கிராம் ஈய டேப் ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சரி, போகட்டும். போன ஞாயிறு ஒரு பந்துகூடத் தொலையவில்லை.