பெரிய விண்மீனுக்குத் துணை உண்டா? எக்ஸ் கதிர்த் தரவில் ப்ராஜெக்ட் செய்ய வருபவர்களுக்கு

கரீனா நெபுலாவில் டிரம்ப்ளர் 16 என்று ஒரு இளம் விண்மீன் கொத்து இருக்கிறது. சந்திரா என்ற விண்வெளி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி எடுத்த படங்களை வைத்து அங்குள்ள பெரிய விண்மீன்களுக்குத் துணை, அதாவது கூடவே சுற்றிவரும் இன்னொரு விண்மீன், உண்டா என்று தேடுவதுதான் முதுகலையில் என் ப்ராஜெக்ட். இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன்: மிகச் சூடான ஓ வகை விண்மீனில் ஆரம்பிக்காதீர்கள். சூட்டில் அதற்கு அடுத்த பி வகையின் சூடு குறைந்த பின்பகுதியை, அதாவது பி5 முதல் பி9 வரை, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓ வகை தானாகவே எக்ஸ் கதிர் வீசும். அதிலிருந்து வேகமாக வெளியே பாயும் வாயுவுக்குள், அதாவது விண்மீன் காற்றுக்குள், எழும் அதிர்ச்சி அலைகளே காரணம்; மொத்த ஒளிர்வில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு அப்படி வெளியேறும். சூரியன் போன்ற சிறிய விண்மீன்களில் மேலடுக்கின் வெப்பச்சலனம் காந்தப்புலத்தை உண்டாக்கி எக்ஸ் கதிர் தருகிறது. பின்பகுதி பி விண்மீனுக்கு அந்தக் காற்றும் இல்லை, இந்த மேலடுக்கும் இல்லை. எக்ஸ் கதிரில் அது இருட்டாக இருக்க வேண்டும். அங்கே எக்ஸ் கதிர் தெரிந்தால், பக்கத்தில் ஒரு சிறிய இளம் விண்மீன் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தால் பி விண்மீன் இருக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து ஃபோட்டான்தான் விழுந்திருக்கும். பயப்பட வேண்டாம். சந்திராவில் பின்னணி மிகக் குறைவு, அதுவே போதும். ஆனால் படத்தின் ஓரத்துக்குப் போகப் போகப் புள்ளி பரந்து சிதறும், அதனால் நடுவில் இருப்பவற்றை முதலில் பாருங்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் வழக்கமான கை-ஸ்கொயர் ஒத்துவராது. நிறமாலையை ஆராயும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில், குறைந்த எண்ணிக்கைக்கான சி-ஸ்டாட் அளவைப் பயன்படுத்துங்கள்.

வாய்மொழித் தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி: "அது துணைதான், அதே திசையில் தற்செயலாகத் தெரியும் வேறொரு விண்மீன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. சந்திராவின் கூர்மை அரை வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). கரீனா சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால், அந்த அரை வில்விநாடிக்குள் பூமி-சூரியன் தூரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அடங்கிவிடுகிறது. அதற்குள் இருப்பவற்றைப் படம் பிரித்துக் காட்டாது. எனவே விண்மீன் பட்டியலில் உள்ள வான் இட எண்களை (ஆயங்களை) கொஞ்சம் நகர்த்திவிட்டு, எக்ஸ் கதிர்ப் பட்டியலோடு மறுபடி பொருத்திப் பாருங்கள். அப்போதும் பொருந்துபவை எத்தனையோ, தற்செயல் பொருத்தம் ஏறக்குறைய அத்தனை. இந்த எண் கையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம்.

எக்ஸ் கதிர் தெரியவில்லை என்றால் துணை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துணையும் இன்னொரு பி விண்மீனாக இருந்தால் இரண்டுமே இருட்டு.

சரி, ஓ வகையை எடுத்தே ஆக வேண்டும் என்றால்? அதன் காற்றும் துணையின் காற்றும் மோதினால் வாயு பல கோடி டிகிரிக்குச் சூடாகும், நிறமாலையில் 6.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இரும்புக் கோடு தெரியலாம். ஆனால் சூட்டை மட்டும் நம்ப முடியாது. ஓரியனின் தீட்டா1 சி விண்மீனில் வலுவான காந்தப்புலமே அதே அளவு சூட்டைத் தருகிறது. அதன் எக்ஸ் கதிர் சுமார் 15 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது, அது சுழலும் காலம். ஈட்டா கரீனா என்ற இரட்டை விண்மீனிலோ ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டும் நெருங்கி வரும் சமயத்தில், எக்ஸ் கதிர் சட்டென்று விழுந்து பிறகு மீள்கிறது. துணைக்கு வலுவான சான்று இப்படிச் சுற்றுப்பாதையோடு மாறும் ஒளிதான். அதற்குப் பல ஆண்டுத் தரவு தேவை, ஒரு செமஸ்டரில் கிடைக்காது. பழைய தரவு சந்திராவின் ஆவணக்காப்பகத்தில் இலவசமாகவே இருக்கிறது. தலைப்பை முடிவு செய்யும் முன் உங்கள் விண்மீனை எந்தெந்த ஆண்டு பார்த்திருக்கிறார்கள் என்று அங்கே தேடிப் பாருங்கள்.