சவேரியாரின் கையைப் பார்க்கப் போனோம்

ரோமில் ஜெசு ஆலயத்துக்குப் போக எனக்கிருந்த ஒரே காரணம் புனித சவேரியாரின் வலது முன்கை. அவர் போதித்த கடற்கரையில், மணப்பாட்டில் கத்தோலிக்கனாகப் பிறந்தவனுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. என் மனைவியோ தரங்கம்பாடி லுத்தரன் குடும்பம், புராட்டஸ்டண்ட். "நீங்க கும்பிட்டு வாங்க, நான் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லித்தான் வந்தாள்.

ஆனால் கோயில் முதலில் பிடித்துப்போனது அவளுக்குத்தான். இருபுறமும் நடைகூடங்கள் இல்லாத ஒரே பெரிய கூடம். எங்கே உட்கார்ந்தாலும் பீடம் தெரியும், பிரசங்கம் காதில் விழும். 1568-ல் இயேசு சபையினர் இதைக் கட்டத் தொடங்கியபோது கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் முடிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் மக்களுக்குப் போதிக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் சொல்லியிருந்தது. "எங்க லுத்தர் சத்தம் போட்டதுக்கு அப்புறம்தானே?" என்றாள். கத்தோலிக்கத் திருச்சபையை நோக்கி லுத்தர் கேள்வி எழுப்பியது 1517-ல், சங்கம் கூடியது 1545-ல். நான் என்ன பதில் சொல்ல?

இடப்பக்கம் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கல்லறைப் பீடம். அதன் வலது ஓரத்தில் ஒரு பளிங்குச் சிற்பம்: சிலுவை ஏந்திய பெண் ஒருத்தி இருவரை அடித்து விரட்டுகிறாள். குட்டித் தேவதூதன், லுத்தர் காலத்துச் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிளியின் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழிக்கிறான். கீழே கிடக்கும் தடித்த புத்தகத்தில் லுத்தரின் பெயர். அவள் குனிந்து படித்தாள். "எங்க சபை ஐயர் இதைப் பார்க்கணும்!"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. சமாளிக்கலாம் என்று இடது ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே விசுவாசம் விக்கிரக வழிபாட்டை வெல்கிறது. அதாவது அந்தப் பக்கம் அவள் ஆள் அடி வாங்குகிறார், இந்தப் பக்கம் என் பாட்டன் பூட்டன்! இருவரும் சிரித்துவிட்டோம். கலை அபாரம்தான். ஆனால் செபிக்கிற இடத்தில் இந்தக் கோபம் எனக்கு ஒட்டவில்லை.

மாலை ஐந்தரைக்கு இசை ஒலிக்க, பீடத்தை மறைத்திருந்த பெரிய ஓவியம் மெல்லக் கீழிறங்கி, பின்னால் இஞ்ஞாசியார் சிலை பளபளத்தது. வெள்ளியில் செய்த பழைய சிலையை நெப்போலியனுக்குக் கப்பம் கட்ட உருக்கிவிட்டார்களாம்.

அப்புறம் எதிர்ப்பக்கம், சவேரியார் பீடம். பொன்முலாம் பூசிய பேழை, கண்ணாடிக்குள் கருத்துச் சுருங்கிய கை. 1614-ல் கோவாவில் அவர் உடலிலிருந்து வெட்டி எடுத்து இங்கே அனுப்பினார்கள். எங்கள் கடற்கரைப் பரதவர்கள் அவருக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லித்தர ஆளில்லை. 1542-ல் அவர் வந்து, செபங்களைத் தமிழில் எழுதச்செய்து, மனப்பாடம் பண்ணி, தெருத்தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கைதான் இது.

நான் முழந்தாளிட்டேன். பெஞ்சில் உட்காரப்போவதாகச் சொன்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அவர் சொல்லிக்கொடுத்ததையே சொல்லலாமே" என்றாள்.

சேர்ந்துதான் தொடங்கினோம். நான் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றேன். அவள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றாள். நான் ஆமென் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவளுக்கு இன்னும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" பாக்கி இருந்தது.