ஒன்றாம் வகுப்பு நாட்குறிப்பு: ‘ம’

9 ஜூன் 2025, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. அழுகைச் சத்தம் ஓரளவு அடங்கிவிட்டது. இன்று சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டவணை முன்னால் ஒவ்வொருவராக நிற்க வைத்துப் பார்த்தேன். அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள் ‘அ அம்மா, ஆ ஆடு’ என்று ஒரே மூச்சில் ஔ வரைக்கும் ஓட்டிவிடுகிறார்கள். ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி க, ங, ச வரிசையையும் கடகடவென்று ஒப்பித்தாள். ம வந்ததும் விரலை வைத்து “மரம்” என்றாள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, எழுத்தை மட்டும் காட்டி இது என்ன என்றேன். என் கையை விலக்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

“மரத்த நீங்கதான் மறைச்சிட்டீங்களே டீச்சர்!”

நியாயமான கேள்விதான். அட்டவணை அவளுக்குப் படத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எழுத்து அதன் பக்கத்தில் கிடக்கும் ஏதோ கிறுக்கல், அவ்வளவுதான்.

10 ஜூன், செவ்வாய்

அட்டவணையைக் கழற்றிச் சுருட்டி பீரோ மேல் போட்டாயிற்று. “எச்.எம். பார்த்தா கேப்பாங்க” என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். கேட்கட்டும்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்று சாயங்காலம் முழுக்க யோசனை. கோடு போட ட-வை விடச் சுலபமானது இல்லை. ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது. பிள்ளைகளிடம் கேட்டால் டீ, டயர், டப்பா, டிவி என்றுதான் வரும். ப வைக்கலாம் என்றால், அந்த ஒலியை இழுத்துப் பிடிக்க முடியாது, உதட்டைத் திறந்த மாத்திரத்தில் தீர்ந்துவிடும். ம் அப்படி இல்லை. மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம்; இழுத்தபடியே அடுத்த ஒலியோடு சேர்த்தும் விடலாம். ஆக, ம.

12 ஜூன், வியாழன்

இன்று பலகையில் எதுவும் எழுதவில்லை. வாய் மட்டும். உதட்டை மூடிக்கொண்டு எல்லோரும் “ம்ம்ம்ம்”. வகுப்பறைக்குள் வண்டுக்கூட்டம் புகுந்த மாதிரி இருந்தது. அப்படியே மூக்கைப் பிடியுங்கள் என்றேன். சத்தம் சட்டென்று நின்றுபோனது! ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஒரே சிரிப்பு. ஒருவன் மட்டும் எப்படியாவது சத்தம் வரவழைத்தே தீருவது என்று, கன்னம் உப்பி, கண் சிவக்க, மூக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். நான்தான் போய்க் கையை எடுத்துவிட வேண்டியிருந்தது.

அடுத்து, மூக்கைப் பிடித்தபடியே “ப, ப” சொல்லச் சொன்னேன். அது தடையில்லாமல் வந்தது. பகாரமும் மகாரமும் இதழ் இயைந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். உதடு இரண்டுக்கும் பொது. பிரித்துக் காட்டுவது மூக்கு. நாங்கள் கல்லூரியில் உருப்போட்டதை இவர்கள் மூக்கைப் பிடித்தே தெரிந்துகொண்டார்கள்.

16 ஜூன், திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் சனிக்கிழமையோடு முடிந்தது. கடலூர்க் கடற்கரையோரம் இருக்கும் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இன்று கடலைத் தவிர வேறு பேச்சில்லை. சரி, அதையே பிடித்துக்கொள்வோம் என்று, உதட்டை மூடித் தொடங்குகிற பெயராகச் சொல்லச் சொன்னேன். மத்தி, மடவை, மணல், மஞ்சக்குப்பம். ஒருத்தி “மீனு” என்றாள், இன்னொருவன் “மாங்கா”. இரண்டுமே சரி என்றேன். காதுக்கு ம் பிடிபட்டால் போதும், மீயும் மாவும் உருவம் மாறி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 18 மெய்யும் 12 உயிரும் சேரும் விதம் புரிந்த பிள்ளைக்கு 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக மனப்பாடம் பண்ணும் வேலை இல்லை.

“வஞ்சிரம்” என்றவனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. கடைசியில் ம் இருக்கிறதே என்று அவனுக்காகப் பேசலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் பேச்சு வழக்கில் நாம் வஞ்சிரம், மரம் என்று சொல்லும்போது அந்தக் கடைசி ம்-முக்கு உதடு மூடுவதே இல்லை, மூக்கோடு கரைந்துபோகிறது. நிறுத்திச் சொன்னால்தான் மூடும். பிள்ளைகள் காதில் விழாததை இப்போதே எதற்குக் கேட்பது?

17 ஜூன், செவ்வாய்

உருவம். தட்டுகளில் கடற்கரை மணல் பரப்பி விரலால் எழுத்து. ப போட்டு முடிகிற இடத்தில் நிறுத்தாமல், உள்பக்கம் வளைத்துக் கீழே இறக்கினால் ம. வாயால் “ம்ம்ம்” என்று இழுத்தபடியே விரலும் போக வேண்டும் என்பது விதி. பாதிப் பேருக்கு விரல் முடியும் முன்பே மூச்சு முடிந்துவிடுகிறது.

மூக்கை விடாமல் பிடித்திருந்தானே, அவன் இடது கைக்காரன். கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டான். இந்த வயதில் இது சகஜம், இடது கை வலது கை இருவருமே செய்வார்கள். கூட்டிப்போக வந்த பாட்டிதான் விடவில்லை.

“பீச்சாங்கையால எழுதுறான் டீச்சர். ரெண்டு போட்டாவது மாத்துங்க.”

“எந்தக் கையா இருந்தா என்ன ஆயா, ம-ன்னு கேட்டதும் போட்டுட்டானே.”

ஆயாவுக்குத் திருப்தி இல்லை.

20 ஜூன், வெள்ளி

பழைய பேப்பரைக் கிழித்துக் கொடுத்து ம-வை வட்டம் போடச் சொன்னேன். தலைப்பில் தடித்த எழுத்து, விளம்பரத்தில் சாய்ந்த எழுத்து, எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறார்கள். பொடி எழுத்தில்தான் ய-வும் ழ-வும் ஏமாற்றுகின்றன. ரெட்டை ஜடைக்காரி ‘சிதம்பரம்’ என்ற சொல்லை எடுத்துவந்து, “இந்த ம பொட்டு வெச்சிருக்கு, சேத்துக்கலாமா?” என்றாள். உதட்டை மூடு, திறக்காமல் அப்படியே வை, அதுதான் பொட்டு வைத்த ம் என்றேன். மூடிக்கொண்டே இடத்துக்குப் போனாள்.

23 ஜூன், திங்கள்

நாளையிலிருந்து ப. அதே உதடு, மூக்கு மட்டும் இல்லை. ட-வை மூன்றாவதாக வைத்துக்கொள்கிறேன், சொல்லின் நடுவில் வரட்டும். புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று கூட்டிப் படிக்க ஆரம்பிக்கலாம். படத்தில் ட மெலிந்தும் பட்டத்தில் வலுத்தும் ஒலிப்பதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. அது அவர்கள் வாய்க்கே தெரியும்.