தம்பலகாமம் குடாவும் 4 ஹெக்டேயர் வரம்பும்

தம்பலகாமம் குடாவில் இறால் வளர்ப்புக்கோ நண்டு வளர்ப்புக்கோ யாராவது அனுமதி கோருகிறார்கள் என்று பேச்சு எழுந்தால், திருகோணமலையில் முதலில் கேட்கும் சமாதானம் "சின்னப் பண்ணைதானே" என்பது. அந்தச் சமாதானத்துக்குச் சட்டத்திலும் இடமிருப்பதே என் கவலை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டங்களையே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான (அனுமதிக்கு முன் சூழலுக்கு வரும் பாதிப்பை ஆராய்வதற்கான) பட்டியலில் சேர்த்தது. கரையோர வலயத்துக்குள், அதாவது பொதுவாக உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள், அபிவிருத்தி வேலை செய்வதற்கு 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் அங்கேயும் மதிப்பீடு கேட்பதா என்பது கரையோரம் பேணல் திணைக்களத்தின் தீர்மானத்துக்கே விடப்பட்டுள்ளது.

இந்த முறையின் விளைவைப் புத்தளமும் சிலாபமும் ஏற்கெனவே அனுபவித்துவிட்டன. அங்கே பல இறால் பண்ணைகள் சிறியவை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெருந்தீங்காகத் தோன்றாது. ஆனால் ஒல்லாந்தர் கால்வாயும் முந்தல் களப்பும் அவற்றுக்கு நீரைக் கொடுத்ததோடு அவற்றின் கழிவுநீரையும் ஏற்றதால், ஒருவர் வெளியேற்றியதையே அடுத்தவர் உள்ளே எடுத்தார். 1996இல் இறால்களைக் கொல்லும் வெண்புள்ளி நோய் பரவியபோது அந்த நீர்வழி நோய்க்கும் வழியாயிற்று. கண்டல் காடுகளையும் இழந்து, போட்ட முதலீட்டையும் இழந்தவர்கள் பலர்.

தம்பலகாமம் குடாவும் ஒடுங்கிய இடம்தான். கிண்ணியாவில் உள்ள குறுகிய வாய் வழியாகவே அது கொட்டியாரக்குடாவுடன் கலக்கிறது. வயல்களின் வடிகால் நீரும் அதற்குள்தான் வந்து சேர்கிறது. மட்டி எடுப்பவர்களும் வீச்சுவலை எறிபவர்களும் அதே சேற்றையும் அதே ஆழமற்ற நீரையும் நம்பி வாழ்கிறார்கள். வாடைக் காலத்து வெள்ளத்தில் எடுத்த ஒரே நீர்மாதிரியை வைத்துக் குடாவின் நிலையைக் கணித்தால், மழையின்றி உவர்ப்பு ஏறும் ஆவணி மாதத்தில் அதே கழிவுநீர் என்ன செய்யும் என்பது தெரியவராது. இரு பருவங்களிலும் உவர்ப்பு, கரைந்த ஒட்சிசன், அமோனியா ஆகியவற்றை அளக்காத அறிக்கையை மதிப்பீடாக ஏற்க என்னால் முடியாது.

முழு மதிப்பீடு நடந்தால் அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் கிடைக்கும். வரம்புக்குக் கீழான பண்ணை மதிப்பீடின்றி அனுமதி பெற்றால் அந்த 30 நாளும் இல்லை. கரையில் வேலி எழும்பிய பிறகே மீனவர் சங்கம் அறியும். பண்ணைத் தொழிலை நான் எதிர்க்கவில்லை. அது பலருக்கு வேலை தரக்கூடியது. ஆனால் குடா முழுவதற்கும், அது எத்தனை பண்ணைகளின் கழிவைத் தாங்கும் என்று ஒரே மதிப்பீடு முதலில் செய்யப்பட வேண்டும். நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை அதன் பின்னரே அந்த எல்லைக்குள் அனுமதிப்பத்திரங்களை வழங்க வேண்டும். ஒவ்வொரு பண்ணையிலும் கழிவுநீர் தங்கித் தெளிய ஒரு தொட்டி கட்டாயமாக்கப்பட வேண்டும். அனுமதி புதுப்பிக்கப்படுமுன் நீர்ப்பரிசோதனை முடிவுகள் கிண்ணியா, தம்பலகாமம் பிரதேச செயலகங்களில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.