அப்பாவின் தண்ணீர்க் கணக்கு

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், ஏற்காடு மலை அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து, நாலு படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை. தண்ணீருக்குள் நடந்தால் மூட்டில் பாரம் குறையும், தினம் அரை மணி நேரம் நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழத்தில் ஒரு குளம் கட்ட முடிவு செய்தோம்.

ஒப்பந்ததாரரைத் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் பிடித்தோம். லெட்டர் பேடில் 'அரசு பதிவு பெற்ற முதல் நிலை ஒப்பந்ததாரர்' என்று அச்சடித்திருந்தது. லைசென்ஸ் நகலையும் காட்டினார். பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. மொத்தம் 8,40,000 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்தார். முன்பணமாகவே பாதியைக் கொடுத்துவிட்டோம். 2021 அக்டோபரில் பள்ளம் தோண்டி, அடுத்த ஜனவரியில் டைல்ஸ் ஒட்டி முடித்தார்கள். அதுவரை 7,60,000 கொடுத்திருந்தேன். பாக்கி 80,000.

மார்ச்சில்தான் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. அவரிடம் சொன்னேன். "வெயில் சார், ஆவியாத்தான் போகும். சேலம் வெயிலைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அப்பாவுக்குப் படவில்லை.

உருக்காலையில் தகட்டின் தடிமனை அளந்து அளந்து பழகிய மனிதர். அவருக்கு எதையும் மில்லிமீட்டரில் பார்த்தால்தான் மனம் ஆறும். அலமாரியிலிருந்து பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் குளத்தின் முதல் படியில் வைக்கச் சொன்னார். மிதக்காமல் இருக்க உள்ளே இரண்டு கருங்கல். பக்கெட்டுக்குள் இருக்கும் தண்ணீரும் வெளியே குளத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் பென்சிலால் கோடு போட்டார். ஃபில்டர் மோட்டாரை நிறுத்திவிட்டோம். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். ஆவியாகிப் போவது என்றால் இரண்டும் ஒரே அளவு இறங்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பக்கெட்டில் 6 மில்லிமீட்டர். குளத்தில் 57.

வித்தியாசம் 51 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். 200 சதுர அடிக் குளத்தில் இரண்டு அங்குலம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 940 லிட்டர். இரண்டு வாரத்தில் ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. கோடையில் எங்கள் தெருவில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கணக்கைப் பார்த்ததும் பணம் போனதைவிடத் தண்ணீர் போனதுதான் நெஞ்சை அடைத்தது.

அப்பா ஒரு 80 பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். தேதி, நேரம், பக்கெட்டில் எவ்வளவு, குளத்தில் எவ்வளவு, மழை உண்டா, மறுபடி எவ்வளவு நிரப்பினோம் என்று ஆறு கட்டம். தினமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்கேல் தண்ணீரைத் தொடும் இடத்தை என் மகள் போனில் படம் எடுத்து வைத்தாள்.

ஒப்பந்ததாரர் ஏப்ரலில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை ஆள் அனுப்பினார். டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டைத் தேய்த்து, மேலே ஏதோ கெமிக்கல் அடித்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் நின்றது, நான்காம் நாள் பழைய கதைதான். ஜூனில் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, "லைசென்ஸ் போர்டுல புகார் கொடுண்ணா" என்றான். அங்கே நீச்சல் குளம் கட்டுவதற்கென்றே சி-53 என்று தனி லைசென்ஸ் இருக்கிறதாம். வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் போர்டே விசாரிக்கும், லைசென்ஸையே ரத்து செய்ய முடியும். முன்பணம்கூட ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமாம். பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுத்த எனக்கு அதைக் கேட்கவே வேதனையாக இருந்தது.

அதே நினைப்பில் நானும் அந்த லைசென்ஸ் நகலை எடுத்துக்கொண்டு பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஒப்பந்ததாரர்களை இப்படி நிலை வாரியாகப் பதிவு செய்வது அரசு வேலைகளுக்கு டெண்டர் போடுவதற்காக. எந்த நிலையில் இருப்பவர் எவ்வளவு மதிப்புள்ள வேலை எடுக்கலாம் என்பதைத்தான் அது சொல்லும். தனியார் வீட்டு வேலைக்கு அது உத்தரவாதம் ஆகாது. "நீங்க காசு கொடுத்து வேலை வாங்கியிருக்கீங்க. நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க, அதுதான் வழி" என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டபோதும் மாவட்ட ஆணையத்தில் மனு போடும் முறையைத் தமிழிலேயே சொன்னார்கள்.

முதலில் ஒரு வழக்கறிஞர் மூலம் ஜூலையில் நோட்டீஸ் அனுப்பினோம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். அட்டை கையெழுத்தாகி வந்தது, பதில் வரவில்லை. 2022 செப்டம்பரில் மனுவை நானே எழுதித் தாக்கல் செய்தேன். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, புகார்தாரரே நேரில் வாதாடலாம். அப்போது நுகர்வோர் புகார்களுக்கான ஈ-தாக்கில் என்ற இணையதளம் வழியாகவும் போட முடிந்தது. 2025 முதல் அதற்குப் பதிலாக ஈ-ஜாக்ரிதி வந்துவிட்டது.

மனு போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டுவதும் 'சேவை' என்றே சொல்லப்பட்டிருக்கிறது. பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், எதிர்த்தரப்பு எந்த ஊராக இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். கட்டணத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். நாம் எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோம் என்பதை வைத்து அல்ல, அவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை வைத்துத்தான் இந்தக் கணக்கு. நான் கட்டியது 200 ரூபாய்.

என்னிடம் இருந்த பெரிய ஓட்டை ரொக்கம். 7,60,000-இல் ஒன்றரை லட்சத்தைக் கையில் கொடுத்திருந்தேன், ரசீது கிடையாது. நல்ல வேளையாக அன்று சாயங்காலமே, "ஒன்றரை கொடுத்தது சரியா இருந்துச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். "சரியா இருந்துச்சு சார், நன்றி" என்று அவர் போட்டிருந்தார். அதை அச்செடுத்து, மின்னணுப் பதிவுகளை ஆதாரமாக வைக்கத் தேவையான 65பி சான்றுடன் வைத்தேன். (2024 ஜூலைக்குப் பிறகு அது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு.)

எதிர்த்தரப்பு பதில் உரை தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. அவர் 38ஆம் நாள் போட்டார். அதில் இரண்டு வாதங்கள் இருந்தன. நாங்கள் மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்தோம், நிலத்தடி நீர் அடியிலிருந்து தூக்கித் தொட்டி விரிசல் விட்டது என்பது ஒன்று. குளத்தை வாடகைக்கு விட்டு வியாபாரம் செய்கிறோம், அதனால் நாங்கள் நுகர்வோரே அல்ல என்பது இன்னொன்று.

இரண்டாவது வாதத்துக்கு ஆதாரமாக ஒரு படம் வைத்திருந்தார். என் தங்கை மகன் பிறந்த நாளுக்குத் தெருப் பிள்ளைகள் குளத்தில் ஆடிய படம், நான் ஸ்டேட்டஸில் வைத்தது. அதைத் தாளில் அச்சடித்துப் பார்த்தபோது கை நடுங்கியது. வீட்டு உபயோகக் கட்டணத்தில் இருக்கும் மின் இணைப்பு அட்டையையும், அப்பாவுக்குத் தண்ணீரில் நடைப்பயிற்சி எழுதிய டாக்டர் சீட்டையும் பதிலாக வைத்தேன்.

சமரசத்துக்கு விருப்பமா என்று ஆணையம் கேட்டது. ஒப்புக்கொண்டு போய் உட்கார்ந்தோம். மறுபடியும் மேலே கெமிக்கல் அடித்துத் தருகிறேன் என்பதற்கு மேல் அவர் வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்து நான் போட்ட மனுதான் வழக்கைத் திருப்பியது. ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, பொறியாளருடன் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று கேட்டேன். அவர்களுக்கான கட்டணத்தை நாம்தான் முதலில் கட்ட வேண்டும். 2023 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். ஒப்பந்ததாரரும் அவருடைய மேஸ்திரியும் வந்திருந்தார்கள்.

பொறியாளர் முதலில் டியூப் லெவல் வைத்து நான்கு மூலையையும் பார்த்தார். நான்கும் ஒரே மட்டம். அடியிலிருந்து தண்ணீர் தூக்கியிருந்தால் ஒரு பக்கமாவது ஏறியிருக்கும் என்று ஆணையரிடம் எழுதச் சொன்னார். அப்புறம் எல்லாரையும் தண்ணீரை அசைக்காமல் நிற்கச் சொல்லிவிட்டு, பெர்மாங்கனேட் கரைசலை ஒரு ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் மெதுவாக விட்டார். ஊதா நிறம் புகை மாதிரி பரவி நின்றது. இரண்டு அடி தள்ளி விட்டார், அங்கேயும் அப்படியே நின்றது. மூன்றாவது இடத்தில் விட்டபோது அது பரவவில்லை. ஒரு நூலாக மெலிந்து, டைல்ஸ் இடுக்கை நோக்கிப் போய், உள்ளே நுழைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், அது போய்க்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை.

தண்ணீரை இறைத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு டைல்ஸை உடைத்தார்கள். தரைக் காங்கிரீட்டும் சுவர்க் காங்கிரீட்டும் வெவ்வேறு நாளில் போடப்படுவதால் நடுவே ஒரு ஜாயிண்ட் விழும். அதற்குள் குறுக்கே, தண்ணீர் கசியாமல் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பர் பட்டை பதித்திருக்க வேண்டும். கொட்டேஷனில் அது ஏழாவது வரியாக, விலையோடு இருக்கிறது. உளி வைத்துத் தட்டியபோது வந்தது பொடிப் பொடியான சிமெண்டும் செம்மண்ணும்தான். பட்டை இல்லை. இன்னொரு இடத்திலும் உடைத்தார்கள், அங்கேயும் இல்லை.

பொறியாளர் அப்பாவின் நோட்டை வாங்கி நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் படித்தார். தண்ணீர்த் தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தர விதியைப் பற்றிச் சொன்னார். தொட்டியை நிரப்பி ஏழு நாள் விட வேண்டும், காங்கிரீட் குடிக்க வேண்டியதைக் குடிக்கட்டும். அதற்குப் பிறகு ஏழு நாள் அளக்க வேண்டும். மேலே மூடிய தரைத்தொட்டி என்றால் அந்த ஏழு நாளில் 40 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். எங்கள் குளத்தில், ஆவியானதைக் கழித்த பிறகும், ஒரே நாளில் 51. "இந்தச் சோதனையை டைல்ஸ் ஒட்டும் முன் செய்தீர்களா?" என்று ஒப்பந்ததாரரிடம் கேட்டார். அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

கிளம்பும்போது பொறியாளர் அப்பாவிடம், "ஐயா, நீங்க எழுதி வச்சதுல நான் சேர்க்க ஒண்ணும் இல்லீங்க" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேதி வாரியாக எவ்வளவு நிரப்பினோம் என்று அதில் இருந்ததால், குளத்தை மழையில் காலி செய்தோம் என்ற வாதமும் அன்றோடு விழுந்தது.

2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பழுது பார்க்கப் பொறியாளர் மதிப்பிட்ட 2,95,000-இல் நான் தர வேண்டிய பாக்கி 80,000-ஐக் கழித்து 2,15,000. மன உளைச்சலுக்கு 40,000, வழக்குச் செலவு 10,000. இரண்டு மாதத்துக்குள் தராவிட்டால் 9 சதவீத வட்டி. பாக்கியைக் கழித்தது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டு மாதம் போனது, பணம் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம், அதற்குத் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அவர் அதையும் செய்யவில்லை. தீர்ப்போடு வேலை முடிந்தது என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். தீர்ப்பை நிறைவேற்றக் கோரி அதே சட்டத்தின் 71, 72ஆம் பிரிவுகளின் கீழ் மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000-இலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 72 சொல்கிறது. 2024 பிப்ரவரியில் போட்டேன். மார்ச்சில் வட்டியோடு டிமாண்ட் டிராஃப்ட் வந்தது.

கோடையிலேயே வேறு மேஸ்திரியை வைத்து ஜாயிண்ட் முழுக்க வெட்டி எடுத்துச் சரிசெய்தோம். டைல்ஸ் ஒட்ட ஆள் வந்து நின்றபோது அப்பா விடவில்லை.

"பதினாலு நாள் தண்ணி நிக்கட்டும் தம்பி."

"எதுக்குங்கய்யா, நான் பொறுப்பு" என்றார் மேஸ்திரி.

அப்பா பதில் சொல்லவில்லை. பக்கெட்டை எடுத்து வரச் சொல்லி, நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டார். பதினாலாம் நாள் காலையில் ஸ்கேலை மேஸ்திரி கையிலேயே கொடுத்தார். அவர் குனிந்து முதலில் பக்கெட்டைப் பார்த்தார், பிறகு குளத்தைப் பார்த்தார். முந்தின நாள் கோட்டிலிருந்து பக்கெட்டில் 5, குளத்தில் 5. கையெழுத்தும் அவரையே போடச் சொன்னார்.