அயர்லாந்துக்கு வந்தவர்களுக்கு: பரண் பெட்டியில் கிடக்கும் ராக் இசைத்தட்டுகள்

அயர்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்ப்பவர்களோடு பேச மழையை விட்டால் வேறு பேச்சு கிடைக்காது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பள்ளி முடிக்கும் வயதில் எந்த பேண்டைப் பார்க்கப் போவீர்கள்? யூ2 என்ற பதில் அநேகமாக வராது. டப்ளின்காரர் என்றால் த பிளேட்ஸ், எ ஹவுஸ், ஸ்டார்ஸ் ஆஃப் ஹெவன் என்பார். கார்க் நகரத்தவர் மைக்ரோடிஸ்னி என்பார். பெல்ஃபாஸ்டில் வளர்ந்தவர் ரூடி, த அவுட்காஸ்ட்ஸ் என்பார். இந்தத் தீவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத பெயர்கள். அவரவர் தெருவில், அவரவர் கல்லூரியில் வாசித்தவர்கள் என்பதால் அந்தப் பேச்சில் ஊர் முழுவதும் வந்துவிடும். இந்த நாட்டைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? தமிழர்கள் ஹார்ஸ்லிப்ஸிலிருந்து தொடங்கலாம். 1970-ல் டப்ளினில் உருவான பேண்ட். ஐரிஷ் நாட்டுப்புற மெட்டுகளை எலக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றியவர்கள். 1973-ல் வந்த 'த தாய்ன்' என்ற எல்.பி. (முழுநீள இசைத்தட்டு) முழுவதும் ஒரே கதை. கூலி என்னும் பகுதியில் இருக்கும் ஒரு எருதைக் கவர மேவ் அரசி படை கொண்டு வருகிறாள். கூகுலின் என்ற வீரன் தனியாக நின்று தடுக்கிறான். 'தாய்ன்' என்றாலே கால்நடை கவர்ந்து ஓட்டிச் செல்வது. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை என்று பள்ளியில் படித்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. உச்சரிப்பிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. 'தாய்ன்' என்ற ஐரிஷ் சொல்லின் முதல் 'த' நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் நம் 'த'வேதான். அந்த எல்.பி.யில் புகழ்பெற்ற பாட்டு 'ஜாரக் டூம்'. Dearg என்ற எழுத்தைப் பார்த்து 'டியர்க்' என்று படித்துவிடாதீர்கள். ஜாரக் என்றால் சிவப்பு. அதன் கிட்டார் மெட்டு 'ஓநீல்ஸ் மார்ச்' என்ற பழைய இசையிலிருந்து எடுத்தது. 1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அயர்லாந்து அணிக்காகப் போட்ட பாட்டிலும் அதே மெட்டு வந்ததால், ஹார்ஸ்லிப்ஸ் பெயரே தெரியாதவரும் அதை முணுமுணுப்பார்.

ஹார்ஸ்லிப்ஸ் தங்கள் தட்டுகளை ஓட்ஸ் என்ற சொந்த லேபிளில் (வெளியீட்டு நிறுவனத்தில்) வெளியிட்டார்கள். 1972-ல் வந்த முதல் எல்.பி.யின் உறை எண்கோண வடிவம், கான்செர்டினா என்ற சிறிய துருத்தி வாத்தியம்போல வெட்டியது. வாங்கும்போது தட்டைவிட அந்த உறையை முதலில் பாருங்கள். சதுர உறைகளுக்கு நடுவில் செருகி எடுத்துச் செருகி அதன் மூலைகள் கிழிந்திருக்கும். சதுரமான வெளியுறை ஒன்றுக்குள் போட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும்.

அடுத்தவர் தின் லிசி பேண்டின் பாடகர் பில் லைனட். லினாட் என்று சொன்னால் டப்ளினில் உடனே திருத்துவார்கள். அப்பா கயானாவிலிருந்து வந்தவர், அம்மா டப்ளின். பாட்டியின் வீட்டில், கிரம்லின் பகுதியில் வளர்ந்தவர். கிட்டத்தட்ட வெள்ளையர் மட்டுமே இருந்த அந்தக் கால டப்ளினில் வளர்ந்த ஒரு கறுப்புப் பையனை இந்த நகரம் தன் ராக் முகமாக ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து வந்த நம்மைப்போன்றவர்களுக்கு அவர் கதை முக்கியம். 1986 ஜனவரி 4-ல், 36 வயதில் இறந்தார். கிராஃப்டன் தெருவை ஒட்டிய ஹாரி தெருவில் 2005 முதல் அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. அவருடைய தின் லிசி மறக்கப்பட்ட பேண்ட் அல்ல. ஆனால் 1971 முதல் 1973 வரை டெக்கா லேபிளில் வந்த முதல் மூன்று எல்.பி.க்களை எடுத்துக் கேட்பவர் குறைவு. அவை முதலில் அதிகம் விற்காததால் அசல் பதிப்புகள் இன்று விலை கூடியவை. 1976-ன் 'ஜெயில்பிரேக்' லட்சக்கணக்கில் விற்றது, அதனால் பழைய பிரதி எளிதாகக் கிடைக்கும். புதிதாகச் சேர்ப்பவர் அதிலிருந்து தொடங்கலாம்.

வடக்கே கதை வேறு. பெல்ஃபாஸ்டில் கிரேட் விக்டோரியா தெருவில் இருந்த குட் வைப்ரேஷன்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையே 1978-ல் லேபிளாகவும் ஆனது. முதல் வெளியீடு ரூடியின் 'பிக் டைம்', நான்காவது டெரி நகரத்து அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்'. காசு குறைவு என்பதால் உறை என்று அட்டை கிடையாது. ஒரு பெரிய தாளை அச்சிட்டுக் கையால் மடித்து 7 அங்குலத் தட்டைச் செருகினார்கள். அந்தத் தாள் மடிப்புக் கோட்டில் கிழியும், பிரித்துச் சுவரில் குத்தி வைத்ததால் குண்டூசித் துளை இருக்கும். நகல் தாளோடு அசல் தட்டை விற்பதும் உண்டு. மடிப்பு ஓரத்தில் மை உதிர்ந்திருக்கிறதா, தாள் பழுத்திருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது ஆண்டு பழைய தாள் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படலாம்.

1980-களின் பேண்டுகளில் எங்கள் வாக்கு மைக்ரோடிஸ்னிக்கு. மெட்டு வெல்லப்பாகு, வரிகளில் அத்தனை கோபம். 1985-ன் 'த கிளாக் கம்ஸ் டவுன் த ஸ்டேர்ஸ்' அவர்களுடைய சிறந்த எல்.பி. அதே ஆண்டில் டப்ளினின் ரிங்ஸெண்ட் பகுதியிலிருந்து த பிளேட்ஸ் தந்தது 'த லாஸ்ட் மேன் இன் யூரப்'. 1990-களுக்கு வந்தால் எல்.பி.யைத் தேடி அலைய வேண்டாம். அப்போது எல்லோரும் சி.டி.க்கு மாறிவிட்டார்கள், தட்டு மிகக் குறைவாகவே அச்சானது. விப்பிங் பாய் பேண்டின் 'ஹார்ட்வோர்ம்' 1995 எல்.பி. விலை கேட்டால் மயக்கம் வரும். அதே இசை சி.டி.யாகப் பழைய கடைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும்.

தேடும் இடம் இரண்டு வகை. தொண்டு நிறுவனக் கடைகளில் ஒரு தட்டு ஓரிரு யூரோ. அங்கே பெட்டியைக் கிளறினால் பத்தில் ஒன்பது ஷோபேண்ட் (நடன அரங்கில் வாசித்த குழு) பாட்டு, ஜிம் ரீவ்ஸ், ஜேம்ஸ் லாஸ்ட், கிறிஸ்துமஸ் பாட்டுத்தான். ராக் தட்டு வந்தால் முதல் நாளே போய்விடும். எந்தக் கிழமை சரக்கு அடுக்குகிறார்கள் என்று கடையில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், சொல்வார்கள். இன்னொரு வகை, தெரிந்து விற்கும் கடை. டப்ளினில் விக்லோ தெருவின் சீக்ரெட் புக் அண்ட் ரெக்கார்ட் ஸ்டோர், ஜார்ஜ் தெரு ஆர்க்கேடின் ஸ்பின்டிஸி இரண்டும் சுற்றிப் பார்க்க வேண்டியவை. விலை கூடும், ஆனால் தட்டை வெளியே எடுத்துப் பார்க்க விடுவார்கள். கடையில் பேரம் பேசும் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டுச் சந்தைகளில் ஐந்தாறு தட்டு சேர்த்து எடுத்தால் விலை குறைத்துக் கேட்கலாம்.

பழைய தட்டுக்கு விற்பவர் எழுதும் தரக் குறியீட்டில்தான் புதியவர்கள் ஏமாறுவது. 'வெரி குட்' என்று எழுதியிருந்தால் மிக நன்றாக இருக்கும் என்று அர்த்தமல்ல. அந்தத் தட்டில் இரைச்சல் கேட்கும், பாட்டின் அமைதியான இடங்களில் கூடுதலாக, கீறல் கண்ணுக்குத் தெரியும். நிம்மதியாகக் கேட்க 'வெரி குட் பிளஸ்' வேண்டும். 'நியர் மின்ட்' என்றால்தான் புதிதுபோல. 'குட்' என்று போட்டிருந்தால் உறைக்காக மட்டும் வாங்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடியுங்கள். விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழைக் கீறல் சாய்த்தால் தெரியும். நகத்தால் மெதுவாகத் தடவும்போது தட்டுப்படும் கீறலில் ஊசி 'டக் டக்' என்று அடிக்கும், சிலவேளை அங்கேயே மாட்டிக்கொள்ளும். தட்டுப்படாதது பெரும்பாலும் சத்தம் தராது. நடுத் துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரையுள்ள வெற்று வளையத்தில் எண்ணும் எழுத்தும் பொறித்திருக்கும். எந்தப் பதிப்பு என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும், உறையை வைத்து அல்ல. அங்கே 'போர்க்கி' என்று கையால் பொறித்திருந்தால் அது ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுநரின் (அச்சுக்கான மூலத் தட்டில் இசையைப் பள்ளமாக வெட்டுபவர்) கையெழுத்து. அவர் வெட்டியவை நல்ல சத்தமாக ஒலிக்கும் என்பதால் விற்பவரும் அதைச் சொல்லியே விற்பார்.

இணையத்தில் வாங்கினால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸிலிருந்து வந்தால் 23 சதவீத வாட் வரி, அதுவும் தபால் செலவையும் சேர்த்து. வாங்கும்போதே வரி எடுத்தார்களா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையேல் வரியும் கையாளும் கட்டணமும் கட்டும்வரை பார்சல் கைக்கு வராது. வட அயர்லாந்திலிருந்து வந்தால் இந்த வரி இல்லை. ஆகவே பெல்ஃபாஸ்ட் விற்பனையாளரை முதலில் தேடுங்கள். டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் நேரில் போய்விடலாம்தான். ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அயர்லாந்தில் வசிக்கும் அனுமதி அட்டை இருந்தாலும் வட அயர்லாந்துக்குள் நுழைய பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லையில் வாசலோ கம்பியோ இல்லாததால் பலர் இதை அறியாமல் போய்விடுகிறார்கள். ஒரு தட்டுக்காகக் குடியுரிமை விண்ணப்பத்தைச் சிக்கலாக்க வேண்டாம்.

பிளேயர் விஷயத்தில் ஊரிலிருந்து கொண்டுவரத் தயங்க வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் போலவே இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மாற்றினால் போதும். கனடாவிலிருந்து உறவினர் கொடுத்த பழைய பிளேயர் அப்படியல்ல. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. வோல்ட்டை மாற்றும் பெட்டி ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் மோட்டாராக இருந்தால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சட்ஜமத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்குச் சுருதி இறங்கும். கேட்கவே முடியாது.

சூட்கேஸ் வடிவ மலிவுப் பிளேயரைத் தவிருங்கள். அதன் ஊசி 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்தும், ஊசியைத் தாங்கும் கையில் எடை சரிசெய்யும் வசதியும் இருக்காது. எடைக்கல் உள்ள கையாக வாங்குங்கள். முதலில் ரசமட்டம் வைத்துப் பிளேயரை மட்டமாக்குங்கள். ஊசி மூடியைக் கழற்றி, பக்க இழுப்பைச் சரிசெய்யும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, கை எந்தப் பக்கமும் சாயாமல் காற்றில் மிதக்கும்வரை பின் எடைக்கல்லைத் திருகுங்கள். எடைக்கல்லை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டையும் சேர்த்து ஊசிக்குரிய எடைக்குத் திருப்புங்கள். பரவலாகக் கிடைக்கும் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95ஈ ஊசிக்கு 2 கிராம். பக்க இழுப்புக் குமிழையும் அதே எண்ணில் வையுங்கள். எடை குறைந்தால் தட்டு பிழைக்கும் என்று நினைத்து 1 கிராமில் ஓட்டுபவர்கள் உண்டு. அப்போதுதான் ஊசி தட்டின் பள்ளத்தில் நிற்காமல் குதித்துப் பள்ளத்தின் சுவரைச் சிதைக்கும். நீள்வட்ட முனை ஊசிக்கு ஆயுள் சுமார் 300 மணி நேரம், அதாவது 450 எல்.பி. அளவு.

இனி ஈரம். இங்கே தட்டைக் கெடுப்பது வெயிலல்ல, குளிர்கால வீடு. வெளிச்சுவர் குளிர்ந்து, உள்ளே துணி காயப்போட்டு, ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும், அட்டை உறையில் பூஞ்சை பூக்கும். தட்டில் படிந்த பூஞ்சை கழுவினால் போகும். அட்டைக்குள் இறங்கியது திரும்பத் திரும்ப வரும். அந்த உறையை மற்றவற்றோடு வைக்கவே கூடாது. ஈரமானி ஒன்று வாங்கி அலமாரியில் வைத்து 45 முதல் 55 வரை பிடிக்கப் பாருங்கள். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் உட்சுவர் ஓரமாக வையுங்கள். துணி காயும் அறையில் தட்டு வேண்டாம். பிவிசி வெளியுறைகளும் ஆகாது. நாளடைவில் அவற்றிலிருந்து வரும் ஆவி தட்டில் மங்கலாகப் படிந்து, கழுவினாலும் போகாது. பாலித்தீன் அல்லது பாலிப்ராப்பிலீன் உறை வாங்குங்கள். ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு 13 கிலோ என்பது அதன் கணக்கு. உறையோடு ஒரு எல்.பி. கால் கிலோ என்றால் சுமார் 50 தட்டு. இடம் இருக்கிறதே என்று அதற்கு மேல் திணிக்க வேண்டாம்.

கழுவுவதற்கு: அயனி நீக்கிய தண்ணீர் 800 மில்லி, 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, ஃபிலிம் கழுவப் பயன்படும் ஈரமூட்டி நாலைந்து சொட்டு. மென்தூரிகையால் பள்ளத்தின் வழியே வட்டமாகத் தேய்த்து, வெறும் அயனி நீக்கிய நீரால் அலசி, நிறுத்தி வைத்து உலரவிடுங்கள். லேபிள் நனையக்கூடாது. குழாய் நீரின் சுண்ணாம்பு பள்ளத்தில் தங்கும், பாத்திரம் கழுவும் திரவத்தின் வாசனைப் பொருளும் தங்கும். ஊரிலிருந்து தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு கொண்டுவந்திருந்தால் இந்தக் கலவையைக் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள். அது அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு பெட்டி இறக்கித் தரக்கூடும். பரணில் சாய்ந்து கிடந்தால் தட்டு வளைந்திருக்கும். அடுப்பில் சூடாக்கி நிமிர்த்தச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள், பள்ளம் போய்விடும். ஓரம் லேசாக எழும்பியிருந்தால் அப்படியே ஓடும். உறையின் மூலையில் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள், விருந்துக்குக் கொண்டுபோனால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. சந்தையில் அந்தப் பெயர் விலையைக் குறைக்கும். அழிக்காதீர்கள், அந்தப் பெயரைக் காட்டி இவர் யார் என்று கேளுங்கள்.