அப்பாவின் ‘போதும்’

ஐப்பசியில் ஒரு காலை, அப்பாவின் கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைப்பு. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடுத்த தாளில் மாத்திரைகள் இருந்தன, கை காலுக்கான பயிற்சி இருந்தது. பேச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. “போகப் போகச் சரியாகும்” என்றார்கள். அந்த ஒரு வரி இல்லாததால் இரண்டு மாதம் வீணானது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

35 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் மிஞ்சியது “அது” என்ற ஒரே சொல். தண்ணீருக்கும் அது, வலிக்கும் அது, அம்மாவைக் கூப்பிடவும் அது. நாங்கள் பேசுவது எல்லாம் அவருக்குப் புரிந்தது. தப்பான சொல்தான் வருகிறது என்பதும் புரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி பாட, அப்பாவும் கூடவே பாடினார். முணுமுணுப்பு இல்லை, சொல் சொல்லாக, ஒரு பாட்டு முழுவதும். அம்மா கோலமாவுக் கிண்ணத்தை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். “என்னங்க, காபி கொண்டு வரட்டுமா?” என்று கேட்டார். “அது” என்றார் அப்பா.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், “பாட முடிகிறவருக்குப் பேச வராதா? மனசு வைக்கவில்லை” என்று அவர் காதுபடவே சொன்னார். இதே நிலையில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மனப்பாடமான பாட்டு வேறு, நினைத்ததைச் சொல்லாக்குவது வேறு. ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்துக் கொடுத்தால் அப்பா கடகடவென்று முடிப்பார். மூவேழு எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் திணறுவார். அது பிடிவாதம் அல்ல.

தை மாதம், மைசூரில் படித்த ஒரு பேச்சுப் பயிற்சியாளரைத் தஞ்சாவூரில் கண்டுபிடித்தோம். கும்பகோணத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வாடகைக் காரில் போனோம். மற்ற நாட்களில் வீட்டில் காலை அரை மணி, மாலை அரை மணி நான் பயிற்சி கொடுத்தேன். பாட்டுப் பாட வைப்பார் என்று எதிர்பார்த்துப் போன எங்களிடம் அந்தப் பெண் சொன்னது: “பாட்டு சாரிடம் பத்திரமாக இருக்கிறது. நமக்கு வேண்டியது பேச்சு.”

அவர் கையாண்ட முறைக்கு ‘மெலோடிக் இன்டோனேஷன் தெரபி’ என்று பெயர். 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் எழுதி வெளிக்கொண்டுவந்தது. அதில் பாட்டே கிடையாது. மேலே ஒரு ஸ்வரம், கீழே ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். முதலில் வெறும் “ம்… ம்”. பிறகு இருவரும் சேர்ந்து அதே மெட்டில் சொல்லை இழுப்பார்கள். பாதி வழியில் அவர் தன் குரலை நிறுத்திக்கொள்வார். அப்பா தனியாக முடிக்க வேண்டும். அது கைகூடிய பிறகு, அவர் சொல்ல அப்பா திருப்பிச் சொல்வது. கடைசியில் கேள்விக்குப் பதில். ஒவ்வோர் அசைக்கும் அப்பாவின் இடது கையைப் பிடித்து மேசையில் ஒரு தட்டு.

அந்த இடது கைதான் முதல் வாரத்தின் பெரிய சண்டை. ஆயுள் முழுவதும் வலது கையால் தாளம் போட்டவர். பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார்: இடது கையை ஆட்டுவது வலது மூளை, அடிபடாமல் இருப்பதும் அதுதான், அதைப் பேச்சுக்குத் துணைக்கு அழைக்கிறோம். பலன் தருவது மெட்டா, தாளமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் தட்டு இல்லாமல் எதுவும் நகரவில்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அப்பாவைப்போல் கேட்பது புரிந்து, சொல் மட்டும் வெளிவராதவர்களுக்கே உரியது. சரளமாகப் பேசியும் பொருள் குழம்புகிறவர்களுக்கு வேறு வழி.

எந்தச் சொல்லில் தொடங்குவது? “சார் வீட்டில் அதிகம் சொல்வது எது?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. “போதும்.” எப்படிச் சொல்வார் என்று அடுத்த கேள்வி. அம்மா ‘போ’வில் ஏறி ‘தும்’மில் சட்டென்று இறங்கிச் சொல்லிக் காட்டினார். அச்சு அசல் அப்பா. அந்த ஏற்ற இறக்கத்தையே பயிற்சியாளர் மெட்டாக வைத்துக்கொண்டார்.

பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதே சொல், அதே தட்டு. மாசியில் ஒரு வாரம் அப்பா கையையே கொடுக்கவில்லை. 2011இல் அமெரிக்காவின் டூசான் நகரில் தலையில் சுடப்பட்ட அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் இசை வழியாகப் பேச்சுப் பயிற்சி பெற்றதைத் தம்பி கைப்பேசியில் காட்டினான். அவரும் சொல்லுக்குத் தடுமாறும் இடங்களைத்தான் அப்பா உற்றுப் பார்த்தார். மறுநாள் இடது கையை அவரே மேசைமேல் வைத்தார்.

சித்திரையில் ஒரு மதியம், அம்மா இரண்டாவது கரண்டி ரசத்தைச் சாய்க்கப் போனார். தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு. “போ-தும்.” யாரும் கேட்கவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பழக்கதோஷத்தில், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் அம்மா. “போதும்” என்றார் அப்பா மறுபடியும், பழைய எரிச்சலோடு.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று, நான்கு சொல் சேர்த்துப் பேசுகிறார். மெட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டது. களைத்துப்போனால் மட்டும் திரும்புகிறது. பேரன் பெயர் இன்னும் வரவில்லை, அதற்காகத் தினமும் உட்காருகிறோம். ஞாயிறுதோறும் திருச்சி அத்தையிடம் ஃபோனில் பேசுகிறார். முதல் ஞாயிறு அத்தை என்னிடம், “அங்கே என்னம்மா, யாரோ மேசையைத் தட்டுகிற சத்தம்?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா ஃபோனைத் தம் பக்கம் இழுத்து, விரலைத் தட்டித் தட்டி, “நான்-தான்” என்றார்.